பனிக்கடியில் ஒரு மீத்தேன் விருந்து!

மேலே 800 மீட்டர் தடிமனுக்குப் பனி. கீழே வெயிலே பார்த்திராத ஓர் ஏரி. தண்ணீரின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்கும் சற்றுக் கீழே. பூமிக்குள்ளிருந்து வரும் சூடும் மேலே அழுத்தும் பனியின் எடையும்தான் அதை உறையவிடாமல் வைத்திருக்கின்றன.

மேற்கு அண்டார்டிகாவில் இருக்கும் அந்த ஏரியின் பெயர் வில்லன்ஸ். ஆனால், உள்ளே இருப்பவர்கள் ஹீரோக்கள்!

2013 ஜனவரியில் அமெரிக்க விஞ்ஞானிகள் வெந்நீரைப் பீய்ச்சிப் பனியைத் துளைத்து ஏரியைத் தொட்டனர். வெளிக்கிருமிகள் உள்ளே போய்விடக் கூடாது என்று, அந்த வெந்நீரையே வடிகட்டி, புற ஊதா ஒளியில் சுத்தப்படுத்தினார்கள். மேலே வந்த ஏரித் தண்ணீரில், ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 1,30,000 நுண்ணுயிர்கள்!

வெயில் இல்லாத இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன வழி? குளிரில் வாழப் பழகிய சில பாக்டீரியாக்களுக்கு அங்கே மீத்தேன்தான் உணவு. சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அதே வாயு. ஏரியின் அடிச்சேற்றில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. பனியின் அடிப்பக்கம் மெல்ல உருகும்போது, அதில் சிக்கியிருந்த பழங்காலக் காற்றிலிருந்து ஆக்சிஜன் தண்ணீரில் கலக்கிறது. அதைக்கொண்டு இந்த பாக்டீரியாக்கள் மீத்தேனைச் சிதைத்து உடம்பை வளர்க்கின்றன. அடுப்பில் தீ செய்யும் வேலையை, தீயே இல்லாமல் உறைகுளிரில் செய்துமுடிக்கின்றன. மிஞ்சுவது கார்பன் டை ஆக்ஸைடு.

இதில் நமக்கு என்ன லாபம்? 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கார்பன் டை ஆக்ஸைடைவிட 25 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கக்கூடியது மீத்தேன். வில்லன்ஸ் ஏரிச் சேற்றிலிருந்து மேலே வரும் மீத்தேனில் 99 சதவிகிதத்துக்கும் மேல் இந்த பாக்டீரியாக்களே தின்றுவிடுகின்றன என்கிறது, 2017-ல் வெளியான ஆய்வு.

ஆனால், சாப்பிட நேரம் வேண்டுமே! கிரீன்லாந்தில் கோடை வந்தால், பனிக்கடியிலிருந்து உருகிய நீர் ஆறாகப் பாய்கிறது. பாக்டீரியாக்கள் தின்று முடிப்பதற்குள், மீத்தேனையும் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. அங்குள்ள ஒரே ஒரு பனியாற்றிலிருந்து ஒரு கோடையில் குறைந்தது 6 டன் மீத்தேன் வந்ததாக 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு மாட்டுப் பண்ணையே ஆண்டு முழுக்க விடும் ஏப்பத்துக்குச் சமம் அது.

பனி மெதுவாக உருகும்வரை, கீழே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அது வேகமாக உருகிவிடாமல் பார்த்துக்கொள்வது, மேலே இருக்கும் நம் வேலை.