கல்வராயன் கடுக்காய்

கள்ளக்குறிச்சியில் நாட்டு மருந்துக் கடை நடத்துகிறேன். மாசி, பங்குனியில் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டைகள் இறங்கும். பிரித்ததும் ஒரு கை அள்ளித் தண்ணீரில் போடுவேன். அடியில் போய்த் தங்கினால் தேறிய காய். மிதந்தால் பூச்சி அரித்தது. அப்புறம் ஒன்றைத் தட்டி உடைப்பேன். சதை மஞ்சளும் பழுப்புமாகக் கெட்டியாக இருக்க வேண்டும். மருந்துக்கு அந்தச் சதைதான், கொட்டை ஆகாது. பிஞ்சு தனிச் சரக்கு. நெல்லியும் தான்றியும் கடுக்காயோடு கூடினால் திரிபலா.

கடுக்காயின் துவர்ப்பு தோல் பதனிடவும் உதவும். சுண்ணாம்புச் சாந்து அரைத்த காலத்தில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டுத்தான் அரைத்தார்கள். பழங்கோயில் திருப்பணிக்கு இன்றும் கேட்டு வருகிறார்கள். இவ்வளவு வேலை செய்யும் காயை மாம்பழம், பலாவோடு வைத்துப் பேசுவாரில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

காட்டில் அலைந்து இதைப் பொறுக்கி வருகிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் அல்லர், பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்வார்கள். சுதந்திரம் வந்த பிறகும் இந்த மலை ஜாகீர்தார்கள் என்ற நிலக்கிழார்களின் பிடியில்தான் இருந்தது. 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. நம் தாத்தாக்கள் ஓட்டுப் போட்டுப் பழகிய பிறகும் மேலே ஜாகீர் நடந்தது என்பதை அருவி பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு வெளியூர்க்காரர்கள் மலைக்குப் போக நிறையவே வழி விசாரிக்கிறார்கள். கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலையேறினால் கரியாலூர், வெள்ளிமலை. பெரியார் அருவியில் குளிக்கலாம். மேகம் அருவிக்கு நடக்கத் தெம்பு வேண்டும். தண்ணீர் பார்க்க ஐப்பசி, கார்த்திகை. பழம் தின்னக் கோடை. மலையின் சேலம் பக்கம், கருமந்துறையில், அரசின் பெரிய பழப்பண்ணை இருக்கிறது.

பலா, புளி, தேன், சாமை எல்லாம் மலையிலேயே கிடைக்கும். கீழே சந்தைக்கு வந்துவிட்டால் வியாபாரி வைத்ததுதான் விலை, நானும் ஒரு வியாபாரிதான். மேலேயே வாங்குங்கள், மரம் ஏறியவர் கைக்கே காசு போய்ச் சேரும்.