மின்வலையின் ஒற்றர்கள்

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வலுக்கும்பொழுது, அங்குச் சுழலும் காற்றாலைகள் தரும் மின்சாரம் கன்னியாகுமரி மாவட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, கூடங்குளத்தின் அணு உலை, ஷராவதியின் அருவி நீர், பாவகடாவின் வெயில் ஆகியவை தரும் மின்சாரத்தோடு கலந்து, அது ஒரே வலையாகத் தென்னாடு முழுதும் பரவுகிறது. பெங்களூரின் அல்சூரில் வாழும் தமிழர் ஒருவர் தம் இல்லத்தில் விளக்கை ஏற்றினால், அவ்வொளியில் எந்த ஊரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துரைக்க எவராலும் இயலாது. ஆயினும் அந்த வலை அந்நேரத்தில் எந்நிலையில் உள்ளது என்பதை அறிந்துகொண்டேயிருக்கும் இடமொன்று அதே நகரில் உண்டு. ரேஸ்கோர்ஸ் குறுக்குச் சாலையில் அமைந்த தென்மண்டல மின்பளு பகிர்வு மையமே அது. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றின் மின்வலையை அது கண்காணிக்கிறது. நெடுந்தொலைவிலுள்ள கருவிகள் அம்மையத்தின் கணிப்பொறிக்கு எவ்வாறு செய்தி சொல்கின்றன, அச்செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியில் ஆக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்குச் சென்றது. தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறிய தொழிலாளர் ஆயிரமாயிரமாக உழைத்த சுரங்கங்கள் அவை. அன்று ஆக்குமிடம் ஒன்று. முதன்மையாகப் பயன்கொள்ளுமிடமும் ஒன்று. இருமுனையிலும் இருப்போர் தம்முள் பேசிக்கொண்டாலே போதும். இன்றோ ஆக்குமிடங்கள் பல நூறு. பயன்கொள்வோர் பல கோடி. யார் எவரோடு பேசுவது?

பேசாமலும் இருத்தற்கில்லை. நெல்லைக் குதிரில் சேர்ப்பதுபோல் மின்சாரத்தைப் பேரளவில் சேர்த்துவைத்தல் இன்றும் எளிதன்று. செலவாகும் அளவை அந்தந்த விநாடியிலேயே ஆக்கியாக வேண்டும். செலவு மிகுந்தால் மின்னாக்கிகளின் சுழற்சி தளர்ந்து, அதிர்வெண் குறையும். செலவு குறைந்தால் அது கூடும். நம் நாட்டில் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதனை 49.90-க்கும் 50.05-க்கும் இடையே நிறுத்த வேண்டும் என்பது மின்வலை விதி. மாலையில் பாவகடாவின் வெயில் சாயும் வேளையில்தான் நகரமெங்கும் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அந்த இறக்கத்தையும் இந்த ஏற்றத்தையும் ஒருங்கே காணும் கண் ஒன்று வேண்டும் அன்றோ?

அக்கண்ணுக்குப் பொறியியலார் இட்ட பெயர் 'ஸ்காடா' என்பதாகும். ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சொல் இது. தமிழில் சொல்லப்புகின், 'மேற்பார்வையிட்டு ஆளுதலும் செய்தி திரட்டுதலும்' எனலாம். தென்மண்டலத்தில் இத்தகைய ஒருங்கிணைந்த ஏற்பாடு 2002-ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிற்று.

ஒரு செய்தியின் பயணத்தைப் பின்தொடர்வோம். ஒசூரிலிருந்து பெங்களூரை அடுத்த சோமனஹள்ளிக்கு 400 கிலோவோல்ட்டு அழுத்தத்தில் ஒரு மின்பாதை செல்கிறது. அத்தனை அழுத்தத்தை எந்த அளவுகருவியும் நேரே தாங்காது. ஆதலின் துணைமின் நிலையத்திலுள்ள சிறப்பு மின்மாற்றிகள், அதே விகிதத்தில் அதனை 110 வோல்ட்டாகக் குறைத்துத் தருகின்றன. அங்குள்ள தொலைமுனைக் கருவி அவ்வளவை எண்ணாக மாற்றுகிறது. 'இன்ன பாதையில் இவ்வளவு மின்சாரம், இன்ன சுற்றுமுறிப்பான் மூடியுள்ளது, நேரம் இன்னது' என்பதே அது விடுக்கும் ஓலை. நேரத்தைச் செயற்கைக்கோள் வழிக் கடிகாரத்தைக் கொண்டு சரிசெய்துகொள்கிறது. ஏனெனில் பல நிலையங்களில் ஒரே விநாடியில் பல விசைகள் விழுமாயின், எது முன், எது பின் என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை அறிந்தாலன்றி மூலகாரணம் புலப்படாது.

இவ்வோலை செல்லும் வழியும் வியக்கத்தக்கது. மின்கோபுரங்களின் உச்சியில், இடியைத் தாங்குதற்பொருட்டுக் கட்டப்பட்ட காப்புக்கம்பியை நேயர்கள் கண்டிருக்கக்கூடும். இப்பொழுது அதன் உட்புறத்தே மயிரிழை போன்ற கண்ணாடி நார்கள் வைக்கப்படுகின்றன. கீழ்க்கம்பியில் மின்சாரமும் மேற்கம்பியினுள் ஒளிவடிவில் செய்தியும் ஒரே கோபுரத்தின்மீது செல்கின்றன. மாநில நிலையங்களின் செய்தி முதலில் சென்னை, களமசேரி போன்ற ஊர்களிலுள்ள மாநில மையங்களை அடைந்து, பின்னர் பெங்களூரை வந்தடையும். மத்திய நிறுவனங்களின் நிலையங்கள் பெரும்பாலும் நேரே பெங்களூருக்கே சொல்லும். சில விநாடிகளுக்கு ஒருமுறை அளவுகள் புதுப்பிக்கப்படுகின்றன. விசையொன்று விழுந்தாலோ, கருவி தன் முறைக்குக் காத்திராமல் உடனே அறிவிக்கிறது.

செய்தி வருவது ஒருபுறம் இருக்க, வராமை பெரியதொரு கேடு. அதனினும் பெரிய கேடு, பழைய செய்தி புதியதுபோல் நிற்பது. கம்பித்தொடர்பு அறுந்தபின், முன்பு வந்த எண்ணே திரையில் அசையாது நிற்குமாயின், எல்லாம் நலமென்றே பணியாளர் எண்ணுவார். இதனைத் தவிர்க்கவே, ஒவ்வோர் எண்ணோடும் 'இது நம்பத்தக்கது' அல்லது 'இது ஐயத்துக்குரியது' என்னும் குறிப்பும் சேர்த்து அனுப்பப்படுகிறது. 'அறியேன்' என்று சொல்லத் தெரிந்த கருவியே நல்ல கருவி.

2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஒஹையோ மாநில மின் நிறுவனமொன்றின் எச்சரிக்கை மென்பொருள் ஓசையின்றிச் செயலிழந்தது. மின்பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தும், அங்கிருந்தோர் ஒரு மணி நேரத்துக்கு மேலாக நிலைமையை உணரவில்லை. முடிவில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர்.

ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்பது வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் வகுத்த நெறி. மின்பளு மையத்துக் கணிப்பொறியும் அதையே செய்கிறது. ஒசூர்க் கருவி 300 மெகாவாட் அனுப்பியதாகவும், சோமனஹள்ளிக் கருவி 200 மட்டும் பெற்றதாகவும் கூறுமாயின், வழியில் நேரும் சிறு இழப்பு 100 ஆக இருத்தல் இயலாது. இருவருள் ஒருவர் கூற்றுப் பிழை. அயலிலுள்ள பாதைகளின் கணக்கையும் சேர்த்துப் பார்த்துப் பொய்யுரைக்கும் கருவி எது எனக் கண்டறியும் முறை உண்டு.

செய்தி வரும் வழியே ஆணையும் செல்லலாம். பவர்கிரிட் நிறுவனத்தின் துணைமின் நிலையங்கள் பலவற்றின் விசைகளை அரியானாவிலுள்ள மானேசரிலிருந்தே இயக்க முடிகிறது. ஆனால் வசதி உள்ள வழியில் கள்வனும் வரக்கூடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் உக்ரைனில் மூன்று மின் பகிர்மான நிறுவனங்களின் கணிப்பொறிகளுள் புகுந்த பகைவர், தொலைவிலிருந்தே விசைகளைத் திறந்துவிட்டனர். ஏறத்தாழ 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். அந்நாட்டுப் பணியாளர் துணைமின் நிலையங்களுக்கு நேரிற் சென்று, கையால் விசைகளை மூடிச் சில மணி நேரத்தில் விளக்கேற்றினர். தொழிற்கருவிகளின் வலையைப் பொது இணையத்தினின்றும் பிரித்துவைத்தல், செய்திக்கு இரு வழிகள் அமைத்தல், கையால் இயக்கும் பழக்கத்தை மறவாதிருத்தல் ஆகிய மூன்றும் இதனாலேயே இன்றியமையாதன ஆகின்றன.

2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட இந்தியாவின் மின்வலை வீழ்ந்தது. இரண்டாம் நாளில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி பாதிக்கப்பட்டது. தில்லியில் வாழும் நம்மவர் அதனை நேரில் அறிவர். தென்னகம் அன்று தப்பியது. நேர்மின்னோட்டப் பாலங்கள் வழியாக மட்டுமே அது வடக்கோடு இணைந்திருந்ததே காரணம். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று ரெய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட்டுப் பாதையால் தென்னகமும் வடக்கோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. இன்று பஞ்சாபில் ஒரு பெரிய மின்னாக்கி நின்றால், நாகர்கோயிலிலும் அதிர்வெண் அசையும். ஒருவர்க்கொருவர் உதவும் வலிமை பெருகிற்று. ஒருவர் இடர் மற்றவரைச் சேரும் வாய்ப்பும் உடன் பெருகிற்று.

ஆகவே மும்பையிலோ பெங்களூரிலோ வாழும் நாமும், ஊரிலிருக்கும் நம் பெற்றோரும், ஒரே வலையின் இரு முனைகளில் விளக்கேற்றுகிறோம். எங்கோ ஒரு துணைமின் நிலையத்தின் தகரப் பெட்டிக்குள் இருக்கும் சிறு கருவி, தான் கண்டதை உரிய நேரத்தில் பிழையின்றிச் சொல்கிறதா என்பதை நாள்தோறும் சோதித்துப் பார்க்கும் பணியாளரை நாம் கண்டதில்லை. இரவு முழுதும் விளக்கு அணையாதிருப்பதில் அவர்தம் உழைப்புக்கும் பங்குண்டு.