கேள்வி யாருடையது?

மியன்மாரின் கியாக்தான் படித்துறையில் நின்றால், ஓடையின் நடுவே ஒரு சிறு திட்டின்மேல் யேலே பகோடா தெரியும். தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் அது முழுகாது என்பது ஊரார் நம்பிக்கை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும். "ஏன் முழுகாது? தண்ணி எங்கேர்ந்து வருது? அப்புறம் எங்கே போகுது?" என்று கேட்கத் தொடங்கிவிடும்.

விடை தேட ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. அளவு கீறிய ஒரு மூங்கிலைக் கரையோரம் நட்டு, ஒரு மாதம் குறித்து வந்தால் போதும். ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓதம் உயர்வது தெரியும். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் மிக அதிகமாக ஏறுவதும் தெரியும். யாங்கோன் ஆற்றின் வழியாக நிலவின் ஈர்ப்பு ஊருக்குள் வந்துபோகிற கணக்கு இது.

அதே பிள்ளை உயர்நிலை வகுப்புக்குப் போனதும் நியூட்டனின் ஈர்ப்பு விதியைச் சூத்திரத்தோடு ஒப்பிக்கும். மியன்மாரில் அந்த வகுப்புகளின் அறிவியல் பாடநூல்கள் நெடுங்காலமாக ஆங்கிலத்தில்தான் இருந்து வருகின்றன. வீட்டில் தமிழும் தெருவில் பர்மியமும் பேசுகிற பிள்ளைக்கு ஈர்ப்பு விசை மூன்றாவது மொழியில் வந்து சேர்கிறது. சூத்திரத்தையும் ஓடையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

'சின்ன வயசில் துருதுருவென்று கேட்டவன், இப்போது அறிவியல் என்றாலே அலுத்துக்கொள்கிறான்' என்று பெற்றோர் புலம்புவது எல்லா ஊரிலும் கேட்பதுதான். கனடாவின் பாத்ரிஸ் போத்வான், அப்துல்கரீம் ஹஸ்னி இருவரும் பன்னிரண்டு ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் எழுதியபோதும் இந்தச் சரிவே தெரிந்தது. வகுப்பு ஏற ஏறப் பள்ளி அறிவியல்மீது ஆர்வம் இறங்குகிறது.

ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் அல்ல. நார்வேயின் ஸ்வைன் ஷோபெர்க், கமிலா ஷ்ரைனர் வழிநடத்திய 'ரோஸ்' ஆய்வு, சுமார் 40 நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் கருத்துக் கேட்டது. வளர்ந்த நாட்டுப் பிள்ளைகளைவிட, ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கே பள்ளி அறிவியல்மீது பிடிப்பு மிகுதி. இதில் நாம் பெருமைப்படுவதற்கு முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நம் வீடுகளில் அறிவியல் பிரிவு என்றால் டாக்டர், இன்ஜினியர் என்று பொருள். மியன்மாரிலும் பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்தான் மருத்துவக் கல்லூரிக் கதவைத் திறக்கிறது. பிழைப்புக்கான வழி என்பதால் வரும் விருப்பமும், 'ஏன்' என்ற கேள்வியால் வரும் விருப்பமும் ஒன்றல்ல. முதலாவது, மதிப்பெண் குறைந்த அன்றே காணாமல் போகும்.

இங்கிலாந்தில் லூயிஸ் ஆர்ச்சர் குழுவினர் 2009-இல் தொடங்கிய ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறிவியல் வகுப்பில் சுவையானவற்றைக் கற்பதாகவே சொன்னார்கள். ஆனால் விஞ்ஞானி ஆக விரும்பியவர்கள் சுமார் 15 விழுக்காட்டினர்தான். பாடம் பிடித்திருந்தாலும், அது தன்னைப் போன்றவர்களுக்கு உரியது என்று பலருக்குத் தோன்றவில்லை. உறவிலோ தெருவிலோ அறிவியல் துறையில் வேலை பார்ப்பவர் ஒருவர்கூட இல்லாத பிள்ளைக்கு அந்த நம்பிக்கை எளிதில் வராது.

இந்தச் சரிவு வயதின் இயல்பா? அமெரிக்க உளவியலாளர் ஜாக்குலின் எக்கிள்ஸ் அப்படி நினைக்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகள் தாமாக முடிவெடுக்க ஏங்குகிறார்கள். சரியாக அதே வயதில் பள்ளி கட்டுப்பாட்டை இறுக்குகிறது, ஒப்பிட்டு மதிப்பெண் போடுவதைக் கூட்டுகிறது. இந்தப் பொருத்தமின்மையே சிக்கல் என்றார் அவர். இஸ்ரேலின் டானா வெடர் வைஸ், டேவிட் ஃபோர்ட்டஸ் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை வழக்கமான பள்ளிகளில் அறிவியல் கற்கும் ஊக்கம் குறைந்துகொண்டே போனது. மாணவர்களுக்கு முடிவெடுக்கும் உரிமை தரும் ஜனநாயகப் பள்ளிகளிலோ அந்தச் சரிவு காணப்படவில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளோடு தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், பின்னர் ஏகலவ்யா அமைப்பின் துணையோடு ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, அதாவது ஆர்வம் சரியும் அதே வயதில், கிராமத்துப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதினார்கள். பாடத்தில் இல்லாத ஐயங்களை 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதிப் போட்டார்கள், பதிலும் வந்தது. 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டில் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழும், 10 முதல் 17 வயதினர் தம் ஊர்ப் பிரச்சினையை ஆராயும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் இந்த வேலையைப் பள்ளிக்கு வெளியே செய்துவருகின்றன. ஆனால் மாணவரின் பெரும்பொழுது கழிவது பள்ளிக்குள். அங்கே எதைப் படிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது தேர்வு. ஹோஷங்காபாத்தில் பாடநூலோடு தேர்வையும் மாற்றினார்கள். புத்தகத்தைப் பார்த்தே விடை எழுதலாம். செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லாமல் போனது.

அரசுத் தேர்வை மாற்றுவது ஒரு ஆசிரியரால் ஆகிற காரியமல்ல. ஆனால் மாதத் தேர்வு அவர் கையில்தான் இருக்கிறது. அதில் பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்விக்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்குவதற்கு எந்தச் செலவும் இல்லை.