ஒரு டிஸ்க் போனால் போகட்டும்

நூறு மலிவு டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி ஓட்டினால் 300 மணி நேரத்துக்கு ஒன்று பழுதாகும். இரண்டு வாரம்கூடத் தாங்காது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் உள்ள கணக்கு இது. ஒரு டிஸ்க்கின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம். நூறால் வகுத்தால் 300. ஐபிஎம்மின் ராட்சத டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக, தனிக் கணினிகளில் இருக்கும் 100 மெகாபைட் டிஸ்க்குகளைக் கூட்டமாகப் பயன்படுத்தலாமே என்பது அவர்களுடைய யோசனை. ஆனால் இப்படி அடிக்கடி சாகும் கூட்டத்தை நம்பி யார் கோப்புகளை வைப்பார்கள்? ஒன்று செத்தாலும் அதிலிருந்ததை மற்றவற்றைக் கொண்டு எழுப்பிவிடும்படி எழுதிவைத்தால் போயிற்று என்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெய்டு.

இன்றைய டிஸ்க்குகளின் விவரத்தாளில் சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு 100 டிஸ்க்குகளில் ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. 2007இல் பியாங்கா ஷ்ரோடரும் அதே கார்த் கிப்சனும் சுமார் 1 லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். நடைமுறையில் 100க்கு 2 முதல் 4 டிஸ்க்குகள் ஆண்டுதோறும் மாற்றப்பட்டன. சில இடங்களில் 13 வரை போனது. ஆகவே உங்கள் சர்வர் டிஸ்க் பழுதாகுமா என்று கேட்பதில் பயனில்லை. பழுதாகும் அன்று அலுவலகம் நிற்குமா என்பதுதான் கேள்வி.

ரெய்டில் பல வகை உண்டு. வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் நாலைந்துதான் பொருட்டு. பூஜ்யம் வகை எல்லா டிஸ்க்குகளிலும் துண்டுதுண்டாக எழுதி வேகத்தைக் கூட்டும். ஒன்று போனால் எல்லாம் போச்சு. 1988 கட்டுரையில் இந்த வகையே கிடையாது. ஒன்றாம் வகை மிரர்: இரண்டு டிஸ்க்கிலும் ஒரே கோப்புகள். இதில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை, அதுவே இதன் பெருமை.

சுவாரசியமானது ஐந்தாம் வகை. மூன்று டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. ஆகவே நான்காவது டிஸ்க்கில் 0 எழுதப்படும். ஒற்றைப்படையாக இருந்திருந்தால் 1. இதைத்தான் பேரிட்டி என்கிறார்கள். இப்போது முதல் டிஸ்க் செத்துவிட்டது. மிஞ்சியவை 0, 1, பேரிட்டி 0. மொத்தம் இரட்டைப்படையாக வர வேண்டுமென்றால் போனது 1ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். கோடிக்கணக்கான இடங்களில் இதே கணக்கைப் போட்டு, இறந்த டிஸ்க்கைப் புதிய டிஸ்க்கில் அப்படியே எழுதிவிடலாம். 4 டெராபைட் டிஸ்க் நான்கு போட்டால் 12 டெராபைட் இடம் கிடைக்கும். பத்தாம் வகையில் மிரர் ஜோடிகளைச் சேர்த்துக் கட்டுவதால், அதே நான்குக்கு 8தான். ஆறாம் வகையிலும் 8தான். ஆனால் அது எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும்.

கடைக்காரர் ஐந்தைப் பரிந்துரைப்பார், இடம் அதிகம் கிடைக்கிறது என்று. நான் நாலு டிஸ்க்குக்குப் பத்தாம் வகையைத்தான் சொல்வேன். காரணம், ரீபில்டு. புதிய டிஸ்க்கைச் செருகியதும் மிச்சமுள்ள மூன்று டிஸ்க்குகளையும் ஐந்தாம் வகை முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டைப் படிக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவே அலுவலக வேலையும் ஓடினால் ஒரு நாள்கூட இழுக்கும். அவ்வளவு நேரமும் பாதுகாப்பு கிடையாது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய, ஒரே அளவு ஓடிக் களைத்த மூன்று டிஸ்க்குகள் தம் வாழ்நாளிலேயே கடுமையான வேலையைச் செய்கின்றன. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் ஏறத்தாழ 12.5 டெராபைட் படித்தால் ஓர் இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். நடப்பில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் 12 டெராபைட்டைப் பிழையில்லாமல் படித்தே தீர வேண்டும் என்ற நிலையில் நிற்பானேன்? பத்தாம் வகையில் செத்த டிஸ்க்கின் ஜோடியை மட்டும் படித்தால் போதும்.

அமைப்பதற்குத் தனி ரெய்டு கார்டு வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். கார்டு செத்தால் அதே மாதிரிக் கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். லினக்ஸ் கெர்னலிலேயே ரெய்டு இருக்கிறது. அப்படி அமைத்த டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் எழுந்துவிடும். விண்டோஸ்காரர்களுக்கு ஸ்டோரேஜ் ஸ்பேசஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்த இசட்எஃப்எஸ் இன்னொரு வழி. சத்தமில்லாமல் கெட்டுப்போன கோப்பையும் அது கண்டுபிடிக்கும்.

டிஸ்க் வாங்குவதில்தான் கவனம் தேவை. மேசைக் கணினி டிஸ்க் ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். பதில் வராததால் அது செத்துவிட்டதென்று ரெய்டு ஒதுக்கிவிடும். நெட்வொர்க்கில் மாட்டும் நாஸ் எனும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று வரும் டிஸ்க்குகள் சில வினாடிகளில் கைவிட்டு, பிழையைச் சொல்லிவிடும். பெயரை மட்டும் நம்பவும் முடியாது. தடங்களை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் முறை, தன் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகளில் இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020இல்தான் ஒப்புக்கொண்டது. தொடர்ந்து எழுதும்போது அவை திணறும். ரீபில்டு என்பதே தொடர்ந்து எழுதுவதுதான். எனவே தடங்களை அடுக்காமல் எழுதும் சிஎம்ஆர் முறை என்று விவரத்தாளில் இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கடைகளில் வாங்கினால் இன்னும் நல்லது.

மாட்டும்போது ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் வெளியே தெரியும்படி ஒட்டிவையுங்கள். செத்ததை விட்டுவிட்டு நல்லதை உருவியதால் அழிந்த ரெய்டுகள் ஏராளம். யுபிஎஸ் கட்டாயம்: ஐந்திலும் ஆறிலும் கோப்பு எழுதப்பட்டு பேரிட்டி எழுதப்படுமுன் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. பழுதானதும் மின்னஞ்சல் வருமாறு அமையுங்கள், இல்லாவிட்டால் ஒரு டிஸ்க் செத்துப் பல மாதங்கள் ஆனதே யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை முழுச் சரிபார்ப்பும் ஓடட்டும். கோப்புகளை ஏற்றுமுன் வேண்டுமென்றே ஒரு டிஸ்க்கை உருவிப் பார்த்துவிடுங்கள். ரீபில்டு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பை எல்லா டிஸ்க்கிலும் அந்த நொடியே அழித்துவிடும். ரான்சம்வேர் பூட்டியதையும் விசுவாசமாகப் பிரதி எடுத்துவைக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, சுமார் 300 ஜிபி தரவுத்தளத்தை அழித்தார். ஐந்து விதமான பேக்கப், பிரதி ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது.

இரண்டே டிஸ்க்குக்குத்தான் பணம் இருக்கிறதா? அப்படியானால் மிரர் வேண்டாம். ஒன்றைச் சர்வரில் போட்டு, மற்றதில் தினமும் பேக்கப் எடுத்து, முடிந்ததும் வயரைக் கழற்றி வேறு கட்டடத்தில் வையுங்கள். மூன்றாவது டிஸ்க் வாங்கும்போது ரெய்டைப் பற்றி யோசிக்கலாம்.