போட்டோ அச்சிடும்போது கணனி ஏன் சுணங்குகிறது?

கலியாண வீட்டுப் புகைப்படங்கள் என்றால் நம் வீடுகளில் ஒரு தனிக் கவனம் உண்டு. மணப்பெண்ணும் பெண்கள் பகுதியில் இருந்தவர்களும் உள்ள படங்களை ஸ்டூடியோவில் கொடுத்து, முன்பின் தெரியாத நாலு பேரின் கண்பட அச்சிட்டெடுக்கப் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. வீட்டில் ஒரு கணனியும் மை ஊற்றிக்கொள்ளும் பிரின்டரும் இருந்தால் அந்தக் கவலை இல்லை. பெருநாள் படமோ, பிள்ளையின் மத்ரஸா விண்ணப்பத்துக்கான சிறிய படமோ, எல்லாவற்றையும் வீட்டோடு முடித்துக்கொள்ளலாம். சில சகோதரிகள் இதையே கைத்தொழிலாக்கி, அயலிலுள்ள பெண்களுக்கு அச்சிட்டுக் கொடுத்து வீட்டுச் செலவுக்கு நாலு காசு தேடிக்கொள்கிறார்கள்.

ஆனால் 'பிரின்ட்' என்பதை அழுத்திவிட்டு, தேநீர் ஊற்றிக் குடித்து முடித்த பிறகும் கடதாசி அசையாமல் கிடந்தால் என்ன செய்வது? வீட்டு ஆண்கள், "கணனி பழசாகிப் போயிற்று, புதிசு வாங்க வேண்டும்" என்பார்கள். திருத்தும் இடத்திலோ, "மெஷினை வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குப் பார்ப்போம்" என்பார்கள். முதலாவதில் பணம் போகும். இரண்டாவதில், எந்தப் படங்களை மறைக்க நினைத்தோமோ அவை அத்தனையும் அந்நியர் கைக்குப் போகும். இரண்டுக்கும் முன்னர் நீங்களே செய்து பார்க்கக்கூடியவை இருக்கின்றன, சகோதரிகளே.

முதலில், சுணங்குவது கணனியா பிரின்டரா என்று கண்டுபிடியுங்கள். ஒரே ஒரு சிறிய படத்தை அச்சிட்டு, மணிக்கூட்டைப் பாருங்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, பிரின்டர் சத்தமின்றிக் கிடந்தால் தாமதம் கணனியில். கணனி தன் வேலையை முடித்துவிட்டது, பிரின்டர்தான் மெல்ல மெல்ல இழுக்கிறது என்றால், அச்சுத் தரத்தை 'ஹை' என்று வைத்திருப்பீர்கள். சாதாரண படத்துக்கு 'ஸ்டாண்டர்ட்' தாராளமாகப் போதும். போட்டோக் கடதாசியில் அச்சிட்ட இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது, மையும் மிச்சமாகும்.

தாமதம் கணனியில்தான் என்றால், பெரும்பாலும் குற்றம் படத்தின் அளவில் இருக்கும். இதைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் ஒன்றில் 4000 க்கு 3000, அதாவது 120 இலட்சம் புள்ளிகள் உள்ளன. நாம் அச்சிடுவது 4 க்கு 6 அங்குலக் கடதாசியில். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் அதற்குத் தேவை 1200 க்கு 1800, ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகள்தாம். மீதி அத்தனையும் வீண் சுமை. "படம் 4 மெகாபைட்தானே இருக்கிறது" என்று நீங்கள் கேட்கலாம். அது ஜேபெக் என்ற முறையில் சுருட்டி வைத்த அளவு. அச்சிடுவதற்காகக் கணனி அதை விரிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட் வீதம் 36 மெகாபைட்டாகிவிடும். ஆல்பத்துக்கு 20 படங்களை ஒன்றாகத் திறந்தால் 720 மெகாபைட். போனில் 50 மெகாபிக்சல் என்ற முழு அளவைத் தெரிவு செய்து எடுத்திருந்தால், அதே 20 படங்களும் 3000 மெகாபைட்டை விழுங்கும். உங்கள் கணனியின் நினைவகமான ரேம் மொத்தமே 4 ஜிகாபைட் என்றால் அது என்ன செய்யும், பாவம்!

ரேம் என்பது குசினி மேசை போன்றது. ஹாட் டிஸ்க் சாமான் அறை. மேசையில் இடம் இருக்கும்வரை வேலை ஓடும். இடம் நிரம்பினால் ஒவ்வொரு சட்டியையும் சாமான் அறைக்குக் கொண்டுபோய் வைத்து, வேறொன்றை எடுத்துவர வேண்டும். கணனியும் அப்படித்தான் அலைகிறது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் மெமரி 90 வீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100 இல் நின்றால் இந்த அலைச்சல்தான் நடக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

பரிகாரம் எளிது, காசும் செலவில்லை. அச்சிட வேண்டிய படங்களை மட்டும் புதிய ஃபோல்டர் ஒன்றில் பிரதி எடுங்கள். பிரதிகளின் நீண்ட பக்கத்தை 4 க்கு 6 கடதாசிக்கு 2000 புள்ளிகளாகவும், ஏ4 கடதாசிக்கு 3500 ஆகவும் சுருக்குங்கள். 12 மெகாபிக்சல் படம் 2000 ஆனதும் சுமை நாலில் ஒன்றாகிவிடும். பொஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்ஜான் 1996 இல் வெளியிட்ட 'இர்ஃபான்வியூ' என்ற மென்பொருள் இதற்குக் கைகொடுக்கும். வீட்டுப் பாவனைக்கு இலவசம். அதைத் திறந்து பி எழுத்தை அழுத்தினால், நூறு படங்களையும் ஒரே தடவையில் சுருக்கும் பகுதி வரும். தொழிலாகச் செய்பவர்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். மூலப் படத்தில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள். சுருங்கிய படத்தை மீண்டும் பெருக்கினால் பழைய தெளிவு வராது. வாட்ஸ்அப்பில் வந்த படங்களை ஏ4 இல் அச்சிட்டு மங்கலாகிவிட்டது என்று சிலர் குறைப்படுவதும் இதனால்தான். அவை வழியிலேயே சுருக்கப்பட்டவை. 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்பச் சொன்னால் முழுப் படமும் வரும்.

புதிய ஃபோல்டர் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐயாயிரம் படங்கள் குவிந்த ஃபோல்டரைத் திறந்தால், மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் சிறு உருவம் தயாரித்து முடிக்கும்வரை உங்களைக் காக்கவைக்கும். பென் டிரைவிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ நேரடியாக அச்சிடுவதும் தாமதமே.

பழைய ஆல்ப மென்பொருள்களில் ஒரு சங்கதி உண்டு. அவற்றுட் பல 32 பிட் முறையில் எழுதப்பட்டவை. அவ்வாறானவை வழமையாக 2 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைத் தொட முடியாது. நீங்கள் காசு கொடுத்து ரேமை 16 ஆக்கினாலும் அவற்றுக்குப் பயனில்லை. பத்துத் தாள் அச்சிட்டதும் மூடித் திறப்பதே அவற்றுக்கு மருந்து. திருட்டுப் பிரதியாகப் பதித்துத் தரும் மென்பொருள்களோடு வைரஸும் கூடவே வந்து கணனியை மந்தமாக்கலாம். உரியவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடாமல் எடுத்த பொருளில் பரக்கத்தை எதிர்பார்க்கவும் முடியாது.

இனி வரிசை. அச்சிட அனுப்பும் ஒவ்வொன்றும் முதலில் ஸ்பூல் என்ற வரிசையில் எழுதப்படும். முன்னால் ஒன்று சிக்கிக்கொண்டால் பின்னால் உள்ளவை எல்லாம் நிற்கும். நாமோ பொறுமையிழந்து 'பிரின்ட்' என்பதை நாலு தடவை அழுத்தி வரிசையை நீட்டிவிடுகிறோம்! சிக்கியதை ரத்துச் செய்யுங்கள். போக மறுத்தால், 'சேர்விசஸ்' என்று தேடித் திறந்து, 'பிரின்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். சி டிரைவ் நிரம்பியிருந்தாலும் வரிசைக்கு எழுத இடமிராது. சில ஜிகாபைட் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இங்கே நம்மவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பிரின்டர் புரொப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'கீப் பிரின்டட் டொக்கியுமன்ட்ஸ்' என்றொரு பெட்டி உண்டு. அதில் அடையாளம் இடப்பட்டிருந்தால், அச்சிட்டு முடித்த பின்னும் அந்தப் படங்கள் கணனியிலேயே தங்கிவிடும். நீங்கள் ஃபோல்டரை அழித்திருந்தாலும் யாரும் வரிசையைத் திறந்து மறுபடி அச்சிட்டுக்கொள்ள முடியும். இடத்தையும் அடைத்துக்கொள்ளும். அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

இத்தனையும் செய்தும் கணனி அசையவில்லை, அதில் இருப்பது பழைய சுழலும் ஹாட் டிஸ்க் என்றால், புதுக் கணனி வாங்குமுன் எஸ்எஸ்டி என்ற டிஸ்க்கை மாற்றிப் பாருங்கள். திருத்தக் கொடுக்குமுன் குடும்பப் படங்களை வேறொரு டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் டிலீட் செய்வதால் மட்டும் படம் போய்விடாது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்த பின்னும் சாதாரண ஹாட் டிஸ்க்கிலிருந்து அதை மீட்டெடுக்க முடியும். ஆகவே வேலை நடக்கும்போது வீட்டவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கழற்றிய பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வந்து, அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.