எந்த விங்சூட் நல்லாப் பறக்கும்? ஒரு 'மைலேஜ்' கேள்வி

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

ஒரு பைக் வாங்கப் போறீங்க. ஷோரூம்ல கேட்கிற முதல் கேள்வி என்ன? "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" அவங்க 60 என்பாங்க. அதே பைக் உங்க நண்பருக்கு 45 கொடுக்கும், அவரோட அப்பாவுக்கு 55 கொடுக்கும். பைக் ஒண்ணுதான். ஓட்டுற ஆள், சாலை, எடை, வேகம் எல்லாம் வேற வேற.

விங்சூட் விஷயத்திலும் இதே கதைதான். இறக்கை வைத்த உடையைப் போட்டுக்கொண்டு விமானத்திலிருந்தோ மலையிலிருந்தோ குதித்துப் பறக்கிறார்களே, அந்த வீடியோக்களைப் பார்க்கும் எல்லாருக்கும் ஒரு கேள்வி வரும்: இதில் எந்த சூட் பெஸ்ட்? இன்றைக்கு அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறது. பைக் மைலேஜில் ஏமாந்தால் பெட்ரோல் காசுதான் போகும். இங்கே போவது அதைவிடப் பெரிது.

முதலில், இது எப்படிப் பறக்கிறது?

விங்சூட்டில் மூன்று இறக்கைகள் இருக்கும். கைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு, கால்களுக்கு நடுவில் ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு அடுக்குத் துணி. முன்பக்கம் சின்னச் சின்னத் திறப்புகள் இருக்கும். அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்து துணியை உப்ப வைக்கும். அப்போது அது வெறும் துணியாக இல்லாமல் ஓரளவு விறைப்பான இறக்கையாக மாறிவிடும்.

1990களில் பிரான்சைச் சேர்ந்த பத்ரிக் த கயார்டோன் இந்த வடிவத்தை உருவாக்கிப் பறந்து காட்டினார். 1998இல் ஹவாயில் நடந்த பாராசூட் விபத்தில் அவர் இறந்துபோனார். அடுத்த வருடமே, 1999இல், ஃபின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் சேர்ந்து 'பேர்ட்மேன்' நிறுவனத்தைத் தொடங்கி, மற்ற ஸ்கைடைவர்களும் வாங்கக்கூடிய சூட்களை விற்க ஆரம்பித்தார்கள்.

சாதாரண ஸ்கைடைவர் வயிறு கீழே இருக்க விழும்போது மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவார். விங்சூட் அணிந்தவர் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டே, அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் முன்னால் போவார். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னால் போகிறோம் என்பதுதான் கிளைட் ரேஷியோ. இரண்டரை என்றால், 1000 மீட்டர் இறங்குவதற்குள் 2500 மீட்டர் தூரம். எல்லாரும் பெருமையாகச் சொல்லும் நம்பர் இதுதான். குழப்பம் ஆரம்பிப்பதும் இங்கேதான்.

ஒரே சூட், மூன்று பதில்கள்

பைக்கில் பின்னால் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்திருப்பீங்க. உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்தால் காற்று கையை மேலே தூக்கும். ரொம்பச் சாய்த்தால் பின்னால்தான் தள்ளும். விங்சூட்டில் இதை முழு உடம்பும் செய்கிறது. உடம்பின் கோணம் மாறினால் சூட்டின் குணமே மாறிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரே ஆள், ஒரே சூட், காற்று வீசாத நாள். 1000 மீட்டர் இறங்க வேண்டும்.

முதல் தடவை மெதுவாக, மிதக்கிற மாதிரி பறக்கிறார். முன்னால் 100 கிலோமீட்டர் வேகம், கீழே 50. கிளைட் 2.0. காற்றில் 72 விநாடி இருப்பார். 2 கிலோமீட்டர் போவார்.

இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாக. முன்னால் 140, கீழே 55. கிளைட் 2.5க்கு மேல். நேரம் 65 விநாடி, தூரம் இரண்டரை கிலோமீட்டர்.

மூன்றாவது தடவை தலையைத் தாழ்த்தி வேகமாகப் பாய்கிறார். முன்னால் 220, கீழே 110. கிளைட் மறுபடியும் 2.0. ஆனால் 33 விநாடியில் கதை முடிந்துவிடும்.

இப்போ சொல்லுங்க, இந்த சூட்டின் திறன் எவ்வளவு? அதிக நேரம் மிதக்கிற வேகம் ஒன்று, அதிக தூரம் போகிற வேகம் இன்னொன்று, அதிவேகம் வேறொன்று. முதல் பறத்தலுக்கும் மூன்றாவதுக்கும் கிளைட் ஒன்றேதான். ஆனால் இரண்டும் முற்றிலும் வேறான பறத்தல்கள். அதனால் ஒரே ஒரு நம்பரை வைத்து ஒரு சூட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. முன்வேகத்துக்கு எதிரே இறங்கும் வேகத்தைக் குறித்து வரைந்த முழுக் கோடு வேண்டும்.

சர்வதேசப் போட்டிகளும் இதைப் புரிந்துதான் அமைக்கப்பட்டிருக்கின்றன. உலக விமான விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐ நடத்தும் விங்சூட் பெர்ஃபார்மன்ஸ் போட்டிகளில் நேரம், தூரம், வேகம் என மூன்று தனிச் சுற்றுகள் உண்டு. வானத்தில் 1000 மீட்டர் உயரமுள்ள ஒரு 'ஜன்னல்' குறிக்கப்படும். அதன் மேல்விளிம்பைத் தாண்டியதும் அளவு தொடங்கும், கீழ்விளிம்பில் முடியும். ஜிபிஎஸ் கருவிதான் நடுவர். நேரச் சுற்றில் உலகத்தின் சிறந்த வீரர்கள் அந்த 1000 மீட்டரைக் கடக்கச் சுமார் ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஆட்கள் வேகச் சுற்றில் மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்குவார்கள், சிலர் தாண்டுவார்கள்.

காற்று செய்யும் பித்தலாட்டம்

ஜிபிஎஸ் அளப்பது தரையை வைத்து. சூட் பறப்பது காற்றை வைத்து. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால் எந்த சூட்டையும் 'சாம்பியன்' ஆக்கிவிடலாம்.

நம்ம இரண்டாவது பறத்தலையே எடுத்துக்குவோம். 65 விநாடி. பின்னாலிருந்து விநாடிக்கு 10 மீட்டர் காற்று தள்ளினால் 650 மீட்டர் இலவசம். கிளைட் 3.1ஐத் தாண்டும். அதே காற்று எதிரே வந்தால் 1.8 சொச்சம்தான். ஆளும் சூட்டும் மாறவில்லை. பறந்த திசை மட்டும்தான் மாறியது. ஸ்க்ரீன்ஷாட்டில் 3.1 பார்த்து வாய் பிளக்கிறவர்கள், அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று கேட்க மறந்துவிடுவார்கள்.

இன்னொரு வித்தை இருக்கிறது. வேகமாகப் பாய்ந்து வந்து திடீரென்று உடம்பை நிமிர்த்தினால், சேர்த்து வைத்த வேகம் உயரமாக மாறும். சில விநாடிகளுக்கு விங்சூட் இறங்கவே இறங்காது, கொஞ்சம் மேலேகூட ஏறும். அந்தக் கணத்தில் கிளைட் ரேஷியோ என்ன? கணக்குப்படி முடிவிலி! ஆனால் கடன் வாங்கிய காசு அது, உடனே தீர்ந்துவிடும். அதனால்தான் 'உச்ச கிளைட்' என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. இருபது முப்பது விநாடிக்கு ஒரே சீராகப் பறந்து கிடைத்த நம்பர்தான் நம்பர்.

ஒல்லியானவரா, கனமானவரா?

ஒரே அளவு சூட்டை இரண்டு பேர் போடுகிறார்கள். உடம்பு, பாராசூட் எல்லாம் சேர்த்து ஒருவர் 64 கிலோ, இன்னொருவர் 81 கிலோ. இருவரும் ஒரே உடல்நிலையில் பறந்தால் கிளைட் ரேஷியோ கிட்டத்தட்ட மாறாது. ஆனால் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகம் கூடும். 81க்கு வர்க்கமூலம் 9, 64க்கு 8. ஆக, கனமானவர் முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் சுமார் 12 சதவீதம் அதிக வேகத்தில் போவார்.

அதாவது தூரம் ஒன்றே. நேரப் போட்டியில் ஒல்லியானவருக்கு லாபம், வேகப் போட்டியில் கனமானவருக்கு லாபம். "அவர் போட்டிருக்கிற சூட் வேகமா போகுது" என்று நாம சொல்வது, பல சமயம் அவர் சாப்பாட்டைப் பற்றிய தகவலாகத்தான் இருக்கும்!

சாதனைகளை எப்படிப் படிப்பது?

2012 ஏப்ரலில் கொலம்பியாவின் ஜொனாதன் ஃபுளோரஸ் விங்சூட்டில் 9 நிமிடம் 6 விநாடி பறந்து உலக சாதனை செய்தார். போட்டியில் ஒன்றரை நிமிடம், இவர் ஒன்பது நிமிடமா? அப்படியென்றால் அவருடைய சூட் ஆறு மடங்கு சிறந்ததா?

இல்லை. அவர் குதித்த உயரம் 37,265 அடி. பதினோரு கிலோமீட்டருக்கு மேல். பயணிகள் விமானம் பறக்கிற உயரம். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் இறக்கத்தை 546 விநாடியால் வகுத்துப் பாருங்க: விநாடிக்குச் சுமார் 18 மீட்டர். போட்டி வீரர்கள் 11 மீட்டர் அளவில் இறங்குகிறார்கள். வெறும் எண்ணைப் பார்த்தால் சாதனையாளர்தான் 'மோசம்'!

அதுவும் தவறான முடிவு. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மெலிந்த காற்றில் அதே தூக்குவிசை கிடைக்க ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல் வேகமாகப் பறக்க வேண்டும். கூடவே கடும் குளிர், ஆக்சிஜன் கருவி, கைகளை விரித்தபடி ஒன்பது நிமிடம் தாங்க வேண்டிய தோள்கள். அந்தச் சாதனை ஒரு மனிதரின் உழைப்பைச் சொல்கிறது. சூட்களை ஒப்பிட அது உதவாது.

அப்போ பெரிய சூட் வாங்கினால் தப்பா?

பெரிய இறக்கை இருந்தால் மெதுவாக இறங்கலாம், தூரம் போகலாம். அது உண்மைதான். தொடக்கநிலை சூட்களில் கை இறக்கை இடுப்புப் பக்கம் முடிந்துவிடும், கால் இறக்கை சின்னதாக இருக்கும். போட்டிக்கான பெரிய சூட்களில் கை இறக்கை முழங்கால் வரைக்கும் அதற்குக் கீழேயும் நீளும். நடுவில் வேறொரு வகை இருக்கிறது. குட்டிக்கரணம், தலைகீழ்ப் பறத்தல் எல்லாம் செய்வதற்கானது. அதில் தூரத்தைவிடச் சுறுசுறுப்புக்குத்தான் மரியாதை.

பெரிய சூட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. காற்று நிரம்பிய இறக்கை கைகளை இறுக்கிப் பிடிக்கும். பாராசூட்டைத் திறக்க, முதுகுக்குக் கீழே இருக்கும் குட்டி பாராசூட்டை எடுத்து வெளியே வீச வேண்டும். அதுதான் பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும். பெரிய சூட்டில் அந்தக் கைப்பிடியைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. முதுகுக்குப் பின்னால் சுழலும் செத்த காற்று குட்டி பாராசூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் தட்டாமாலை மாதிரி சுழல ஆரம்பிக்கும். சின்ன சூட்டில் அதிலிருந்து மீள்வது சுலபம். பெரியதில் அனுபவம் இல்லாவிட்டால் ரொம்பக் கஷ்டம். அமெரிக்க பாராசூட் சங்கம் முதல் விங்சூட் குதிப்புக்கு முன்பே குறைந்தது 200 ஸ்கைடைவ் கேட்பது சும்மா இல்லை.

மலையிலிருந்து குதிக்கும் பேஸ் ஜம்பிங்கில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே முக்கியமான கேள்வி "என் சூட்டின் உச்ச கிளைட் எவ்வளவு?" இல்லை. "இந்தச் சரிவுக்குத் தேவையானதைவிட என் கையில் எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்பதுதான். மலைச்சரிவு 2.0 கேட்கிறது, நீங்கள் நல்ல நாளில் 2.2 பறப்பவர் என்றால், உங்கள் சேமிப்பு 0.2 மட்டுமே. ஒரு எதிர்காற்று, ஒரு தடுமாற்றம், முடிந்தது. விளம்பரத்தில் போட்ட 3.0 அங்கே வந்து காப்பாற்றாது. 2015 மே 16 அன்று யோசெமிட்டியில் டீன் பாட்டரும் கிரஹாம் ஹன்ட்டும் முகட்டின் பிளவு ஒன்றைக் கடந்து பறக்கும் முயற்சியில் பாறையில் மோதி இறந்தார்கள். இருவரும் அந்த மலைகளை நன்கு அறிந்த, மிகுந்த அனுபவமுள்ளவர்கள்.

நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

முறை ஒன்றும் ரகசியம் இல்லை. ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு சூட். ஒவ்வொன்றிலும் பல தடவை குதிக்க வேண்டும். காற்றோடு ஒரு தடவை, எதிராக ஒரு தடவை பறந்து சராசரி எடுக்க வேண்டும். ஜிபிஎஸ் பதிவில் சீராகப் பறந்த பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். இன்னும் நல்ல வழி, ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பறந்துவிட்டு, அடுத்த குதிப்பில் சூட்டை மாற்றிக்கொள்வது. இருவருக்கும் ஒரே காற்று. இப்போதும் ஒரு சூட் மேலே நின்றால், அது சூட்டின் வித்தியாசம்.

இப்படிச் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பது ஒன்றுதான். ஒரே பிரிவைச் சேர்ந்த இரண்டு சூட்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைவிட, அதே சூட்டைப் போட்ட இரண்டு ஆட்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் பெரிது. நல்லாப் பழகியவர் நடுத்தர சூட்டில், புதுசாப் பெரிய சூட் வாங்கியவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்.

அதனால், எந்த சூட் பெஸ்ட் என்று இனிமேல் யாராவது கேட்டால், திருப்பி மூன்று கேள்வி கேளுங்க. எதுக்காகப் பறக்கப் போறீங்க? இதுவரை எத்தனை குதிச்சிருக்கீங்க? சுழல ஆரம்பிச்சா, கண்ணை மூடிக்கிட்டாவது பாராசூட்டைத் திறக்க உங்க கைக்குத் தெரியுமா? மூணாவது கேள்விக்குத் தயக்கமில்லாம "தெரியும்"னு சொல்ல முடியுற சூட்தான் அவருக்கான சூட். அதோட மைலேஜ் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.