நெடிலும் குறிலும்: கணிப்பொறியில் ஜாஸ் தாளம்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஓடிய பழைய மீட்டர்கேஜ் இரயிலில் பயணம் செய்தோர் அதன் ஓசையை மறந்திருக்கமாட்டார்கள். தண்டவாள இணைப்புகளின்மேல் சக்கரங்கள் ஏறி இறங்கும்போது, 'தடக்-தட, தடக்-தட' என்று நீண்டதொன்றும் குறுகியதொன்றுமாக அவ்வோசை வந்துகொண்டேயிருக்கும். 2010ஆம் ஆண்டின் இறுதியில் அந்த வண்டி நின்றது. அகலப் பாதை அமைத்தபின், 2022இல் தேனி வரையிலும், 2023இல் போடி வரையிலும் இரயில் மீண்டும் வந்தது. ஆயினும் பழைய தாளம் திரும்பவில்லை. இப்போதைய தண்டவாளங்களை உருக்கி ஒட்டி நீளமாகப் போட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களும் இரயில் ஓசையைக் கேட்டவர்களே. அந்த நெடுமையும் குறுமையுமான ஓட்டத்தை அவர்கள் கிதாரிலும் வாய் ஆர்மோனியத்திலும் வாசித்துக் காட்டினார்கள். அவர்களுடைய புளூஸ் இசையில் 'ஷஃபிள்' என வழங்கும் நடை அவ்வோட்டத்தைப் போன்றதே. அந்த நடையைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க முயன்று நான் பட்ட பாட்டையும், அதனால் தெரிந்துகொண்ட சிலவற்றையும் ஈண்டுச் சொல்ல விரும்புகிறேன்.

நான் கம்பத்தில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மிருதங்கம் சிறிது பயின்றதுண்டு, மேடை ஏறியவனல்லேன். சின்னமனூரிலிருந்து மாணவன் ஒருவன் கிதாருடன் என்னிடம் வந்தான். மேனாட்டு இசைத் தேர்வுக்குப் பயிலுகிறான். உடன் தாளம் வாசிக்க ஆளில்லை. டிரம் வாத்தியம் வாங்கவோ வாசிப்பவருக்குக் கூலி கொடுக்கவோ வீட்டில் வசதியில்லை. "கம்ப்யூட்டர்ல போட்டுத் தர முடியுமா, சார்?" என்று கேட்டான். முடியும் என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் வருந்தினேன்.

கணிப்பொறி இசை இப்பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசையில் கணிப்பொறியைத் துணைகொண்டார். அந்நாளில் அத்தகைய கருவிகள் பெருநகர ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே எட்டக்கூடியவை. இன்றோ, பழைய கணிப்பொறி ஒன்றிருந்தால் போதும். தாளம் அமைக்கும் மென்பொருளை விலையின்றியே பெறலாம். நான் எடுத்துக்கொண்டது 'ஹைட்ரஜன்' என்பது. அது சுதந்திர மென்பொருள் வகையைச் சேர்ந்தது. அஃதாவது, விலையில்லை என்பதோடு நில்லாமல், அதன் உள்ளமைப்பைப் பார்க்கவும், மாற்றவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் எவருக்கும் உரிமையுண்டு. மாணவனுக்கு ஒரு படி எடுத்துக் கொடுத்தபோது நான் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை.

அதைத் திறந்தால் திரையில் கட்டம் போட்ட தாள் போன்றதொன்று தோன்றும். இடப்புறத்தில் வாத்தியங்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். குறுக்கே செல்வது காலம். எந்த வாத்தியம் எப்போது ஒலிக்க வேண்டுமோ, அந்த வரிசையில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது மிக எளிது.

நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தத்தை எடுத்து, ஒவ்வோர் எண்ணிக்கையையும் சரிபாதியாகப் பிளந்து, புள்ளிகளை ஒழுங்காக வைத்து ஓட்டினேன். அப்போது திண்ணையில் ஒருவர் அமர்ந்திருந்தார். எங்கள் வட்டாரத்து இன்னிசைக் குழுக்களில் இருபது ஆண்டுகளுக்குமேல் டிரம் வாசித்தவர். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் அவர் வாசிப்பைக் கேளாதார் சிலரே. பிறகு, ஒரு விசைப்பலகைக்குள்ளேயே தாளமும் வந்துவிட, குழுவினர் அவரை அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன்.

"வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல பிள்ளைக கவாத்துப் பழகுற மாதிரியில்ல இருக்கு!" என்றார்.

அவர் சொன்னதே உண்மை. பிழை எங்கே என்பதை எண்களால் விளக்குகிறேன். ஹைட்ரஜன் ஓர் எண்ணிக்கையை 48 நுண்கூறுகளாகப் பகுக்கிறது, ஆவர்த்தத்துக்கு 192. நான் 24, 24 என்று சமமாகப் பிரித்திருந்தேன். நம் சங்கீதத்தில் சதுஸ்ர நடையின் 'தக திமி' அப்படித்தான் விழும். ஆனால் ஜாஸும் புளூஸும் எண்ணிக்கையை மூன்றாக உணர்கின்றன. நமது திஸ்ர நடையின் 'தகிட'. அதன் மூன்று பங்குகளில் முதல் இரண்டையும் ஒன்றாக்கி, மூன்றாவதில் மட்டும் அடுத்த அடியைக் கொடுக்க வேண்டும். அப்போது 32, 16 என்று பிரியும். தமிழ் இலக்கணம் படித்தவர்கள் இதை உடனே அறிவார்கள்: நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. அந்த நடை என்பது நெடில், குறில், நெடில், குறில் என்று நடப்பதேயாகும்.

ஆகவே, திரையில் கட்டங்களின் நுணுக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், வெறும் எண்ணை விட்டு, மும்மையைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்துச் சேர்ந்த எண்ணைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இந்த ஒன்றை அறியாததால் எனக்கு நான்கு நாட்கள் வீணாயின.

இனி ஜாஸின் அடிப்படைத் தாளத்தைச் சொல்கிறேன். அதில் காலத்தைக் காப்பது தோல் அன்று, உலோகம். முற்காலத்தில் காலால் மிதிக்கும் பெரிய பேஸ் டிரம்தான் காலம் காத்தது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் கென்னி கிளார்க் என்னும் கலைஞர் அப்பணியை 'ரைடு' எனப்படும் தொங்கு தட்டுக்கு மாற்றினார். அத்தட்டில் முதல் எண்ணிக்கைக்கு ஓர் அடி; இரண்டாவதற்கு நெடிலும் குறிலுமாக இரண்டு; மூன்றாவதற்கு ஒன்று; நான்காவதற்கு மீண்டும் இரண்டு. நுண்கூறுகளில் சொன்னால் 0, 48, 80, 96, 144, 176 ஆகிய இடங்கள். காலால் மூடும் ஜோடித் தட்டை இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் மட்டும் வைக்க வேண்டும். நாம் கைதட்டும்போது முதல் எண்ணிக்கையில் தட்டுவோம். ஜாஸ் கேட்டுப் பழகியவர்கள் இரண்டிலும் நான்கிலும் தட்டுவார்கள். எனக்கு அது இன்னும் கைவரவில்லை.

புள்ளிகளை மாற்றி வைத்தபின் அண்ணனை அழைத்தேன். கேட்டுவிட்டு, "இப்ப நடக்குது. ஆனா நொண்டுது" என்றார். எல்லா அடியும் ஒரே வலுவில் விழுகிறதாம். மென்பொருள் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.8 என்ற ஒரே வலுவைத் தானே கொடுத்துவிடுகிறது. கீழேயுள்ள கோடுகளை இழுத்து அதைக் கூட்டவும் குறைக்கவும் நாம்தான் வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் இழுத்தேன். குறில் அடிகளை 0.4க்கு இறக்கினோம். இரண்டையும் நான்கையும் சற்றே ஏற்றினோம். பேஸ் டிரம்மை எல்லா எண்ணிக்கையிலும் வைத்து, 0.2 என்ற அளவில், காதுக்கு எட்டாமல் நெஞ்சுக்கு மட்டும் எட்டுமாறு அமைத்தோம்.

அப்போதும் அவருக்கு நிறைவில்லை. மெதுவான காலத்தில் குறில் இன்னும் பிந்தி வரவேண்டும் என்றார். கட்டத்தையே அணைத்துவிட்டு, 80இல் இருந்த புள்ளியை 82க்கு நகர்த்தினேன். தலையசைத்தார். காலத்தை விரைவாக்கியபோது, "இப்ப முன்னாடி தள்ளுங்க" என்றார். ஜாஸ் ஒலிப்பதிவுகளை அளந்து ஆராய்ந்தோரும் இதையே கண்டிருக்கிறார்கள்: மெதுவாகச் செல்கையில் நெடில் மேலும் நீளும், மிக விரைவாகச் செல்கையில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடும். 'பசு' என்பதன் உகரத்தைவிடக் 'காடு' என்பதன் உகரம் குறுகும் என்று நமக்குக் குற்றியலுகர இலக்கணம் சொல்லிக் கொடுத்தபின்பா நாக்கு குறுக்கிற்று? அண்ணன் ஜாஸ் என்ற சொல்லையே அதிகம் கேட்டவரல்லர். தெம்மாங்கும் உறுமியும் கேட்டு வளர்ந்த காது அது.

இத்தகைய சந்திப்புப் பெரியவர்களிடையேயும் நிகழ்ந்ததுண்டு. 1958இல் டேவ் புருபெக்கின் ஜாஸ் குழு இந்தியா வந்தபோது, அக்குழுவின் டிரம் கலைஞர் ஜோ மொரெல்லோ சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார். மறு ஆண்டு அக்குழு பதிவு செய்த 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை கொண்டது. இரண்டையும் முடிச்சுப் போட நான் துணியேன். ஆயினும் அந்த அறையில் ஒரு மூலையில் இருந்திருக்கலாகாதா என்று ஏங்கியதுண்டு.

மாணவனுக்கு வேண்டியிருந்தது பன்னிரண்டு ஆவர்த்த புளூஸ். சட்ஜத்தில் நின்று நான்கு ஆவர்த்தம், மத்திமத்துக்குப் போய் இரண்டு, திரும்பி இரண்டு, பஞ்சமத்தில் ஒன்று, மத்திமத்தில் ஒன்று, வீடு திரும்பி இரண்டு. இதற்கு ஷஃபிள் நடையில் தட்டு எல்லா எண்ணிக்கையிலும் நெடில்-குறிலாக ஓட, ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும் ஓங்கி விழ, பேஸ் டிரம் ஒன்றிலும் மூன்றிலும் தாங்க வேண்டும். ஓர் ஆவர்த்தத்தை அமைத்து, பாடல் வரிசையில் அதையே பன்னிரண்டு முறை அடுக்கிவிடலாம். நான் அவ்வாறே அடுக்கினேன்.

அண்ணன் நெடுநேரம் பேசாமலிருந்தார். "இத நான் சொல்லிக் குடுத்திட்டா, அப்புறம் என்னைய எதுக்குக் கூப்பிடுவாங்க?" என்றார். ஒரு பொறியால் பிழைப்பை இழந்தவர், அவ்வகைப் பொறிக்கே தம் கைத்திறத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. மென்பொருளுக்கு விலையில்லை என்று பெருமை பேசிய நான், அவருடைய நான்கு மாலைகளுக்கு என்ன விலை என்று எண்ணிப் பார்த்தேனில்லை. கணிப்பொறியை மூடிவிடலாமா என்று கேட்டேன்.

"மூடாதீங்க. பையன் பழகட்டும்" என்றார். பிறகு திரையருகே வந்து, பன்னிரண்டாம் ஆவர்த்தத்தின் மேல் விரல் வைத்து, "இத மட்டும் அழிச்சிருங்க. இங்க கை மாறிக்கிட்டே இருக்கணும்" என்றார்.

அழித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவன் சின்னமனூரிலிருந்து பேருந்தில் வருகிறான். பொறி பதினோரு ஆவர்த்தம் வாசித்து நிற்கிறது. பன்னிரண்டாவதை அண்ணன் என் வீட்டு மேசையின்மேல் வாசிக்கிறார். ஒரு முறை வாசித்ததை மறுமுறை வாசிப்பதில்லை. அதற்குரிய ஊதியத்தை, என்னுடைய ஓய்வூதியத்திலிருந்து, அவர் மறுக்க மறுக்கக் கொடுத்துவருகிறேன்.